மிச்ச நூலும் குட்டிச் சட்டையும்

"அக்கா, பீரோவுல துணி வைக்க இடமே இல்ல. அந்த உல்லன் நூல் மூட்டையை யாருக்காவது தூக்கிக் கொடுத்துடட்டுமா?"ன்னு நேத்து ராத்திரி போன்ல கேட்டியே, நான் உடனே பதில் சொல்லல. ஏன்னா என் கட்டிலுக்கு அடியிலயும் அதே மாதிரி ரெண்டு மூட்டை இருந்துச்சு. போன மூணு குளிர்காலத்துல அத்தனையையும் கரைச்சிட்டேன். நாத்தனார் பேத்திக்கு, எதிர்வீட்டுப் பையனுக்கு, நம்ம பெரியம்மா வீட்டுக் கடைக்குட்டிக்குன்னு பின்னிப் பின்னியே தீர்த்தேன். அந்த அனுபவத்துல சொல்றேன், கொடுக்காதே. உன் வீட்டுலயே ரெண்டு வயசு வாண்டு ஒண்ணு ஓடிக்கிட்டிருக்கே!

நூல் எப்படி மூட்டையாகுதுன்னு நமக்குத் தெரியாதா? லூதியானாவுல இருந்து புது கலர் வந்திருக்குன்னு கடைக்காரர் எடுத்துப் போடுவார். ஒரு கண்டு வாங்கப் போய் நாலு வாங்கிட்டு வருவோம். வீட்டுக்காரருக்கு ஸ்வெட்டர் ஆரம்பிப்போம். முதுகுப் பக்கம் முடியறதுக்குள்ள அவர் ஒரு சுத்து பெருத்திருப்பார். அதோட அது மூட்டைக்குள்ள போயிடும். பெரியவங்க ஸ்வெட்டருக்கு அரைக் கிலோவாவது நூல் வேணுமா, அதனால அம்பது கிராம் மிச்சம் எதுக்குமே ஆகாதுன்னு தோணுது. குழந்தை உடம்புக்குக் கணக்கே வேற. அம்பது கிராம்ல ஒரு தொப்பி முடிஞ்சு, கொஞ்சம் மிச்சமும் நிக்கும்.

ஒண்ணை மட்டும் மனசுல வச்சுக்கோ: நூலைப் பார்த்து உடுப்பை முடிவு பண்ணு. உடுப்பை முடிவு பண்ணிட்டு நூலைத் தேட ஆரம்பிச்சா நீ நிக்கறது கடை வாசல்லதான். மூட்டை இன்னும் ரெண்டு கண்டு பெருத்துப் போகும்.

முதல்ல எல்லாத்தையும் பாயில கொட்டு

வாண்டு தூங்கற நேரமா பாரு. பாயை விரிச்சு மொத்தத்தையும் கொட்டு. கலர் வாரியா அடுக்கணும்னு கை பரபரக்கும், அதைச் செய்யாதே. கனம் வாரியா பிரி. மெல்லிசு, நடுத்தரம், தடிசுன்னு மூணு குவியல் போதும். லேபிள் இருந்தா பாரு, எத்தனை ப்ளைன்னு போட்டிருக்கும். லேபிள் போயிடுச்சுன்னா ஒரு ஸ்கேல் எடுத்து, நூலை அது மேல நெருக்கமா, இழுக்காம சுத்து. ரெண்டரை சென்டிமீட்டருக்குள்ள எத்தனை சுத்து அடங்குதுன்னு எண்ணு. கனம் தெரிஞ்ச நூல் ஒண்ணையும் அதே மாதிரி சுத்தி ஒப்பிட்டுப் பார்த்தா இது எந்தக் குவியல்னு தெரிஞ்சிடும்.

அடுத்தது, நூல் எதுல செஞ்சதுன்னு கண்டுபிடிக்கணும். கம்பளியா, அக்ரிலிக்கா, பருத்தியா? விரல் நீளத் துண்டு ஒண்ணை இடுக்கியில பிடிச்சு, சிங்க்குக்கு மேல வச்சுக் கொளுத்திப் பாரு. ஜன்னலைத் திறந்து வை, பக்கத்துல ஒரு குவளை தண்ணி இருக்கட்டும். கம்பளின்னா முடி கருகற நாத்தம் வரும், நெருப்பை எடுத்ததும் தானா அணைஞ்சிடும், சாம்பலைத் தொட்டா பொடியும். அக்ரிலிக் உருகி எரியும், ஆறினதும் கறுப்பா கெட்டி மணி மாதிரி நுனியில நிக்கும். பருத்தி காகிதம் எரியற வாசனையோட சாம்பலாகும். கலப்பு நூலா இருந்தா ரெண்டு குணமும் சேர்ந்து தெரியும்.

இது ஏதோ லேபரட்டரி வேலை மாதிரி இருக்கேன்னு நினைக்காதே. கம்பளியையும் அக்ரிலிக்கையும் ஒரே சட்டையில மாத்தி மாத்திப் போட்டுட்டு, யாராவது வெந்நீர்ல துவைச்சா கம்பளிக் கோடு மட்டும் சுருங்கும். அக்ரிலிக் கோடு அப்படியே நிக்கும். அதுக்கப்புறம் அது சட்டையா இருக்காது, அக்கார்டியனா இருக்கும். நான் ஒண்ணு அப்படிப் பண்ணி வச்சிருக்கேன், வந்தா காட்டறேன்.

கண் இமை மாதிரி முடி முடியா தொங்குமே அந்த நூல், ஜிகினா ஓடற நூல், மோஹேர் – இதையெல்லாம் தனியா எடுத்து வச்சிடு. சின்னக் குழந்தை எதையும் வாயில வச்சு இழுக்கும். அந்த முடி நாக்குல ஒட்டிக்கும், தோலும் அரிக்கும்.

தராசு சொல்றதுதான் டிசைன்

சமையலறைத் தராசை எடுத்துட்டு வா. ஒவ்வொரு உருண்டையையும் நிறுத்து, துண்டுச் சீட்டுல கிராமை எழுதி அதுலயே செருகி வை. இந்த ஒரு வேலையைச் செஞ்சாலே பாதி மூட்டை தீர்ந்த மாதிரி. ஏன்னா அப்போதான் அது குப்பையா தெரியாம, கையில இருக்கற சரக்கா தெரியும்.

நடுத்தரக் கனத்துல, அதாவது டபுள் நிட்டிங்னு லேபிள்ல போட்டிருக்குமே அந்த நூல்ல, என் கைக்கு ஆகற கணக்கு இது. உன் கை இறுக்கமோ தளர்வோ பொறுத்துக் கொஞ்சம் முன்னப் பின்ன ஆகும்.

ஒரு ஜோடி குட்டி சாக்ஸ், இல்லேன்னா கட்டைவிரல் இல்லாத கையுறை: 20 முதல் 25 கிராம்.
ஒரு வயசுத் தொப்பி: 30 முதல் 40 கிராம்.
ரெண்டு வயசுக்குக் கையில்லாத ஸ்வெட்டர்: 100 முதல் 120 கிராம்.
அதே வயசுக்கு முழுக்கை: 180 முதல் 220 கிராம்.

பார்த்தியா? நாப்பது கிராம் உருண்டை மூணு இருந்தா ஒரு கையில்லாத ஸ்வெட்டர் ரெடி. மூணும் மூணு கலரா இருந்தாலும் பரவாயில்ல, கனம் ஒண்ணா இருந்தா போதும்.

நூல் பத்துமான்னு பாதியில பதறாம இருக்க இன்னொரு வழி சொல்றேன். உருண்டையை நிறு. பத்து வரிசை பின்னு. மறுபடி நிறு. நாலு கிராம் குறைஞ்சிருக்குன்னு வை, கையில இன்னும் முப்பத்தாறு கிராம் இருந்தா தொண்ணூறு வரிசை வரும்னு அர்த்தம். ஒவ்வொரு வரிசைக்கும் நிறுக்காதே, வீட்டுத் தராசு அரை கிராம் கால் கிராமைச் சரியா காட்டாது. வரிசையோட கடைசியில, நூல் நுனியைப் பிடிச்சுப் பின்னலோட அகலத்துக்கு அளந்து பாரு. அகலத்தைப் போல நாலு மடங்கு நூல் இருந்தா இன்னொரு வரிசை தைரியமா போகலாம். அதுக்குக் குறைஞ்சா அங்கேயே நிறுத்தி அடுத்த கலருக்கு மாறு. நடு வரிசையில நூல் தீர்ந்து, கண்ணி கண்ணியா பிரிச்சுக்கிட்டு உட்கார்ற கொடுமை அம்மாவுக்கே வந்திருக்கு.

ஊசி நம்பர்ல ஏமாறாதே

நம்ம ஊர்க் கடையில கிடைக்கற ஊசியில பழைய இங்கிலாந்து நம்பர்தான் ஓடுது. நம்பர் கூடக் கூட ஊசி மெலியும். 8-ம் நம்பர் 4 மில்லிமீட்டர், 10-ம் நம்பர் 3.25, 12-ம் நம்பர் 2.75. யூடியூப்ல வெளிநாட்டுக்காரி ஒருத்தி "8-ம் நம்பர் ஊசி எடுங்க"ன்னு சொன்னா, அவ அமெரிக்காக்காரின்னா அது 5 மில்லிமீட்டர். அதனால எப்பவும் மில்லிமீட்டரைப் பாரு.

நடுத்தர நூலுக்கு 8-ம் நம்பர் ஊசியில பத்து சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 22 கண்ணி வரும். மெல்லிசான நாலு ப்ளைக்கு 10-ம் நம்பர்ல 28 கண்ணி. இது பொதுக் கணக்கு. உன் கைக்கு எத்தனை வருதுன்னு உள்ளங்கை அளவு ஒரு சாம்பிள் பின்னிப் பார்த்துடு. சாம்பிளைத் துவைச்சுக் காயவச்சு அள, துவைக்கறதுக்கு முன்னாடி அளக்கற அளவு பொய் சொல்லும். சாம்பிளுக்கு நூல் வீணாகுதேன்னு கவலைப்படாதே, அதைப் பிரிச்சு மறுபடி சேர்த்துக்கலாம். இல்ல, அதையே சட்டைப் பையா வச்சுத் தைச்சிடு. அஞ்சு பைசா வீணில்ல.

மெல்லிசு நூல் நிறைய இருக்கா? ரெண்டு இழையைச் சேர்த்துப் பிடிச்சுப் பின்னு. நாலு ப்ளை இழை ரெண்டு சேர்ந்தா நடுத்தரமோ அதுக்குக் கொஞ்சம் மேலயோ வரும். எள்ளும் அரிசியும் கலந்த மாதிரி அழகா இருக்கும், வேகமாவும் வளரும்.

அளவெடுக்கறது

ரெண்டு வயசுக் குழந்தையை நிக்க வச்சு டேப் பிடிக்கறதெல்லாம் நடக்கற காரியமா? அது இப்போ போடற சட்டையில நல்லாப் பொருந்தற ஒண்ணை எடுத்துத் தரையில விரிச்சு அள. அகலம், கீழிறக்கம், கை நீளம், கைக்குழி உயரம் – நாலு அளவு போதும். உள்ளே பனியன், சட்டை எல்லாம் இருக்குமே, அதனால சுத்தளவுல அஞ்சு சென்டிமீட்டர் கூட்டிக்கோ.

சட்டை கிடைக்கலேன்னா, யாருக்கோ பரிசா பின்றேன்னா, மார்புச் சுத்தளவு ஆறு மாசத்துக்கு 43, ஒரு வயசுக்கு 46, ரெண்டு வயசுக்கு 52, நாலு வயசுக்கு 58 சென்டிமீட்டர்னு வச்சுக்கலாம். சந்தேகம் வந்தா அடுத்த பெரிய அளவுக்குப் போ. குழந்தை வளர்ந்து சட்டைக்குள்ள வரும். சின்னதாப் போன சட்டைக்குள்ள எந்தக் குழந்தையும் வராது.

ஒரு கணக்கு போட்டுக் காட்டறேன். உன் பொண்ணுக்கு மார்பு 51ன்னு வை. அஞ்சு கூட்டினா 56. முன்பக்கம் 28, பின்பக்கம் 28. பத்து சென்டிமீட்டருக்கு 22 கண்ணின்னா, 28-க்கு 62 கண்ணி வரும். அவ்வளவுதான். இந்தக் கணக்கு வந்துட்டா உனக்குப் புத்தகம் வேண்டாம்.

எல்லாரும் மறக்கறது தலையை. சின்னக் குழந்தைக்கு உடம்போட ஒப்பிட்டா தலை பெரிசு. ஒரு வயசுலயே தலைச் சுத்தளவு 46 சென்டிமீட்டர் கிட்ட இருக்கும், ரெண்டு வயசுல 48. கழுத்தை அழகாச் சின்னதாப் பின்னிட்டு, தலையில ஏத்தும்போது குழந்தை கத்தற கத்தல்ல பக்கத்து வீடு எட்டிப் பார்க்கும். கழுத்தோரக் கண்ணியை மூடும்போது ரெண்டு நம்பர் தடிச்ச ஊசியால மூடு, இழுத்தா விரியும். இல்லேன்னா ஒரு தோளைத் தைக்காம விட்டு மூணு பட்டன் வை. தொப்பிக்கு நேர் மாறு: தலைச் சுத்தளவை விட மூணு நாலு சென்டிமீட்டர் குறைச்சுப் பின்னினாத்தான் தலையைப் பிடிச்சு நிக்கும்.

மூணே டிசைன் போதும்

மிச்ச நூலுக்குப் பூப்பின்னல், கயிறுப் பின்னல் எல்லாம் ஒத்து வராது, அதுங்க நூலைக் குடிக்கும். நான் திரும்பத் திரும்பப் போடறது மூணுதான்.

முதல்ல, கையில்லாத ஸ்வெட்டர். ரெண்டு சதுரத்துண்டு, தோள்ல ரெண்டு தையல், பக்கத்துல ரெண்டு தையல். எல்லா வரிசையும் ப்ளெயினாவே போனா ஓரம் சுருளாது, பார்டரே தேவையில்ல. ப்ளெயின்-பர்ல் மாத்திப் போட்டா மட்டும் கீழே ஒரு நாலு சென்டிமீட்டர் ரிப் வேணும். உன் ஊருக்கு இதுதான் சரி. "கோயம்புத்தூர்ல எங்கேக்கா குளிர்?"ன்னு கேப்பே, தெரியும். மார்கழிக் காலையில கோயிலுக்குப் போறப்போ, ஏசி ரயில்ல போறப்போ, இங்கே என் வீட்டுக்கு வர்றப்போ நெஞ்சு மூடினா போதும், கை வேர்க்கக் கூடாது. நாலு இலை காத்துல ஆடினாலே மங்கி கேப் மாட்டற கூட்டம் நாம. அதுல இருந்து குழந்தையைக் காப்பாத்தவாவது இதைப் பின்னு.

ரெண்டாவது, கழுத்துல ஆரம்பிச்சுக் கீழே இறங்கற ஸ்வெட்டர். வட்ட ஊசியில கழுத்துக்குக் கண்ணி போட்டு, நாலு மூலையிலயும் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை ரெண்டு ரெண்டு கண்ணி கூட்டிக்கிட்டே அக்குள் வரை இறங்கணும். அங்கே கைக் கண்ணிகளை ஒரு வேண்டாத நூல்ல கோத்து நிறுத்திட்டு உடம்பைப் பின்னுவாங்க. மிச்ச நூல்காரிங்க மட்டும் முறையை மாத்தணும்: அக்குள் வந்ததும் கை ரெண்டையும் முதல்ல முடிச்சிடு. ரெண்டு கையும் ஒரே நீளம், ஒரே கலர் வந்தே ஆகணும் பாரு. அப்புறம் மிச்சம் இருக்கற அத்தனையையும் உடம்புக்கு ஓட்டு. நூல் எங்கே தீருதோ அங்கே சட்டையும் தீரும். குட்டையா நின்னா அது கவுனுக்கு மேல போடற சட்டை, நீண்டு போனா அதுவே கவுன்.

இதுல இன்னொரு லாபமும் இருக்கு. பின்னல் எப்பவும் கடைசியா மூடின பக்கத்துல இருந்துதான் சுலபமா பிரியும். மேல இருந்து இறங்கின சட்டையில அந்தப் பக்கம் கீழேதானே இருக்கு? அடுத்த வருஷம் குழந்தை ஒரு சாண் வளர்ந்ததும் மணிக்கட்டு ரிப்பைப் பிரிச்சு, கண்ணியை ஊசியில ஏத்தி, வேற கலர்ல நாலு விரல் கூட்டிடலாம். எதிர்வீட்டுப் பையன் ஸ்வெட்டர் இப்படி மூணு குளிர்காலம் பார்த்துடுச்சு. அவன் கையில இப்போ மூணு கலர் வளையம்.

மூணாவது, எலிசபெத் சிம்மர்மேன்னு ஒரு அம்மா 1968-ல உருவாக்கின பேபி சர்ப்ரைஸ் ஜாக்கெட். இங்கிலாந்துல பிறந்து அமெரிக்காவுல விஸ்கான்சின்ல வாழ்ந்தவங்க. கணக்கா யோசிச்சுப் பின்றதுல கெட்டிக்காரி. 160 கண்ணியில ஆரம்பிச்சு, எல்லா வரிசையும் ப்ளெயினா, அங்கங்கே கூட்டிக் குறைச்சு ஒரே துண்டா பின்னணும். முடிக்கும்போது கோணல்மாணலா ஒரு துணி கையில இருக்கும், இது என்ன கந்தல்னு தோணும். காகிதக் கப்பல் மாதிரி ரெண்டு மடிப்பு மடிச்சா, கையோட ஒரு குட்டி ஜாக்கெட்டா நிக்கும்! மேல தோள்ல மட்டும் ரெண்டு தையல். அதே 160 கண்ணிதான், நூலும் ஊசியும் தடிச்சா ஜாக்கெட் பெரிசாகும். கோடு போட்ட பின்னல் இதுல மூலையில திரும்பித் திரும்பி ஓடறதால நாலைஞ்சு மிச்சக் கலரை இது மாதிரி விழுங்கற டிசைன் வேற இல்ல. அந்தம்மா டிசைனை முறையா வாங்கிப் பின்னு, ஆயுசுக்கும் உதவும்.

கலர் சண்டையைத் தீர்க்கறது

மிச்ச நூல்ல பின்னினா பார்த்ததுமே "ஓ, மிச்சமா?"ன்னு கேக்கற மாதிரி ஆயிடுமேன்னு உனக்குப் பயம். நியாயமான பயம்தான். அதுக்கு ஒரே மருந்து, ஒரு பொதுக் கலர். வெள்ளையோ சாம்பலோ கருநீலமோ, எது அதிகமா இருக்கோ அதைப் பொதுவா வச்சுக்கோ. கழுத்து, கை ஓரம், கீழ் பார்டர், ரெண்டு கலருக்கு நடுவுல ரெண்டு வரிசை – எல்லாம் அந்தக் கலர். மத்ததெல்லாம் என்ன கலரா இருந்தாலும் யோசிச்சுச் செஞ்ச மாதிரி தெரியும்.

கலர் குறையக் குறைய அழகு கூடும்னு எனக்குச் சொல்லிக் கொடுத்தது இங்கே எங்க மலையில தோடர் பெண்கள் கையால வேலை செய்யற பூத்துக்குளி சால்வைதான். வெள்ளைப் பருத்தித் துணி, அதுல சிவப்பு, கறுப்பு நூல். அவ்வளவுதான் கலர். அதை வச்சே கண்ணை எடுக்க விடாம பண்ணிடறாங்க. உன் மூட்டையில பன்னிரண்டு கலர் இருந்தா நாலு சட்டையாப் பிரிச்சுக்கோ. பன்னிரண்டையும் ஒரே குழந்தை தலையில கட்டாதே.

கோடு போடறப்போ கவனி: ரெண்டு, நாலு, ஆறுன்னு இரட்டைப்படை வரிசையா மாத்து. அப்போதான் பழைய நூல் நிக்கற ஓரத்துக்கே நீ திரும்பி வருவே; வெட்டாமலே அடுத்த கோட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம். ஒழுங்கா ஒரே அகலம் வேண்டாம்னா ரெண்டு, நாலு, ஆறு, பத்துன்னு வளர விடு, அதுல ஒரு துள்ளல் இருக்கும். எந்தக் கலர் எதோட நிக்கும்னு தெரியலேன்னா உருண்டைகளை வரிசையா வச்சு போன்ல கறுப்பு-வெள்ளையில போட்டோ எடு. ரெண்டும் ஒரே சாம்பலா தெரிஞ்சா பக்கத்துல பக்கத்துல வைக்காதே, கோடு எடுபடாது.

ரெண்டு இழை சேர்த்துப் பின்றேன்னா இன்னும் சுலபம். ரெண்டையும் ஒரே நேரத்துல மாத்தாதே. ஒண்ணு தீர்ந்ததும் அதை மட்டும் மாத்து, கொஞ்ச தூரம் போனதும் மத்தது தீரும், அப்போ அதை மாத்து. சாயங்கால வானம் மாதிரி கலர் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கரைஞ்சு இறங்கும்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அடர்ந்த சிவப்பு, கருநீலம் ரெண்டையும் சோதிச்சுடு. துண்டு நூலை நனைச்சு வெள்ளைத் துணியில வச்சு அழுத்து. சாயம் ஒட்டினா வெள்ளையோட சேர்க்காதே.

நுனிகளை அன்னன்னிக்கே முடி

மிச்ச நூல் சட்டையோட சாபம் நுனிதான். சட்டை முடிஞ்ச சந்தோஷத்துல திருப்பிப் பார்த்தா உள்ளே நாப்பது வால் தொங்கும். "அப்புறம் சொருகிக்கலாம்"னு வச்சா அந்தச் சட்டை மறுபடி மூட்டைக்குள்ளதான் போகும். நுனியை ஒரு சாண் விட்டு வெட்டு. புதுக் கலர் சேர்த்த அடுத்த வரிசையிலேயே, பின்னப் பின்ன அந்த வாலை நூலுக்கு மேல ஒரு தடவை கீழே ஒரு தடவைன்னு பின்பக்கமா பிடிச்சுட்டே போ. பத்துக் கண்ணிக்குள்ள அடங்கிடும்.

சுத்தக் கம்பளியா இருந்தா அதுவும் வேண்டாம். ரெண்டு நுனியையும் ரெண்டு மூணு அங்குலம் சிக்கெடுத்து உதிர்த்து, ஒண்ணு மேல ஒண்ணு உள்ளங்கையில வச்சு, துளி தண்ணி தொட்டு, கை சூடேற வரை உருட்டு. ரெண்டும் ஒரே நூலா ஒட்டிக்கும். அம்மா எச்சில் தொட்டுத்தான் உருட்டுவாங்க. நாம தண்ணியே தொடுவோம். அக்ரிலிக்கும் பருத்தியும் இப்படி ஒட்டாது. மெஷின்ல துவைக்கலாம்னு பதப்படுத்தின கம்பளியும் ஒட்டாது.

முடிச்சு மட்டும் போடாதே. குழந்தை முதுகுல அது உறுத்தும், ஒரு நாள் அவிழவும் அவிழும்.

பழைய ஸ்வெட்டரும் நூல்தான்

அப்பாவோட அந்தப் பழுப்பு ஸ்வெட்டர் இன்னும் உன் பெட்டியிலதானே இருக்கு? முழங்கை ஓட்டையாப் போனாலும் முதுகு நல்லா இருக்கும். பிரிக்கறதுக்கு முன்னாடி உள்பக்கத் தையலைப் பாரு. ஓரம் ஓரமா கைப்பின்னல் சங்கிலி தெரிஞ்சா நீளநீளமா நூல் வரும். ஓவர்லாக் அடிச்சு வெட்டின ரெடிமேட்னா விட்டுடு, வரிசைக்கு ஒரு துண்டா உதிரும்.

தையலைப் பிரி, மூடின பக்கத்துல இருந்து உருவ ஆரம்பி. உருவினதை நேரா உருண்டையா சுத்தாதே. நாற்காலி முதுகுல சுத்தி, நாலு இடத்துல பருத்தி நூலால தளர்வா கட்டி, சிட்டமா எடு. வெதுவெதுப்பான தண்ணியில கொஞ்சம் ஷாம்பூ போட்டு அரை மணி நேரம் ஊறப் போடு. பிழியாதே, துண்டுல சுருட்டி அழுத்து, நிழல்ல தொங்கவிடு. நூடுல்ஸ் மாதிரி சுருண்டு கிடந்தது நேராகும். கம்பளியா இருந்து இன்னும் சுருள் போகலேன்னா, இட்லிப் பானை ஆவி மேல ஒரு கை உயரத்துல ஒரு நிமிஷம் காட்டு, கை பத்திரம். அக்ரிலிக்கை ஆவியில காட்டாதே, துவண்டு உயிரே போயிடும்.

இதுல மட்டும் தவறவே கூடாது

கழுத்துல கயிறு, தொப்பியில நாடா, குஞ்சலம் – எதுவும் வேண்டாம். சறுக்குமரத்துலயோ கட்டில் கம்பியிலயோ மாட்டி இழுத்தா கழுத்தை இறுக்கிடும். மூணு வயசுக்குள்ள குழந்தைக்கு பட்டன் வாயில போற சாமான். அதனால பட்டனைத் தையல் நூலால அழுத்தித் தைச்சு, ஒவ்வொரு துவைப்புக்கும் இழுத்துப் பாரு. பாம்பாம் உருண்டை வேண்டவே வேண்டாம். கலர் மாத்தறப்போ உள்பக்கம் நீளமா நூல் ஓட விட்டா, கையை நுழைக்கும்போது குட்டி விரல் அதுல சிக்கும். அதனால அஞ்சு கண்ணிக்கு மேல சும்மா ஓட விடாதே. சாக்ஸுக்கு உள்பக்கத்தைத் திருப்பி, தளர்ந்த இழை இருக்கான்னு பார்த்துட்டுத்தான் மாட்டணும், கால்விரல்ல சுத்திக்கும். தூங்கும்போது தொப்பியைக் கழட்டிடு.

துவைக்கறது, எடுத்து வைக்கறது

கம்பளிக்கு வெந்நீரும் தேய்ப்பும் எமன். ஆறின தண்ணி, கொஞ்சம் ஷாம்பூ, அழுத்தி எடுத்து, துண்டு மேல விரிச்சு நிழல்ல காயவை. கொடியில தொங்கவிட்டா ரெண்டு வயசுச் சட்டை அஞ்சு வயசுக்கு நீண்டுடும். எப்பவும் துவைச்சுட்டுத்தான் எடுத்து வைக்கணும், பால் கறையும் வேர்வையும் இருந்தா பூச்சி தேடி வரும்.

பாச்சா உருண்டை போடாதே. அதுல இருக்கற நாப்தலீன் குழந்தைக்கு ஆகாது. ஜி6பிடி குறைபாடு இருக்கற குழந்தைக்கு ரத்தச் சிவப்பணுவையே உடைச்சிடும், அந்தக் குறைபாடு இருக்கறது பல வீட்டுல தெரியறதே இல்ல. காஞ்ச வேப்பிலையை ஒரு துணியில கட்டிப் போடு. மாசம் ஒரு தடவை எடுத்து உதறி வெயில் காட்டு. நூல்ல பூச்சி அரிச்ச மாதிரி சந்தேகம் வந்தா, பிளாஸ்டிக் கவர்ல இறுக்கிக் கட்டி ஃப்ரீசர்ல ஒரு வாரம் வச்சு எடு.

இவ்வளவும் முடிஞ்சு மூட்டை காலியாகும்போது, அடியில ஒரு கைப்பிடி துண்டு நூல் நிக்கும். அதையும் வீசாதே. ஒவ்வொரு சட்டைக்கும் அதோட நூல்ல ரெண்டு முழம் எடுத்து, ஒரு குட்டிச் சிட்டமா சுத்தி, பக்கத் தையலுக்கு உள்ளே ரெண்டு பொட்டுத் தையல் போட்டு வச்சிடு. சட்டையோட சேர்ந்தே அதுவும் துவையும், சேர்ந்தே வெளுக்கும். ரெண்டு வருஷம் கழிச்சு முழங்கையில ஓட்டை விழறப்போ அதே நூல் அதே நிறத்துல கைக்கு எட்டும். அதுக்காகக் கடைக்குப் போனியோ, ஒரு கண்டுக்குப் பதிலா நாலு கண்டோட திரும்பி வருவே. உன்னைத் தெரியாதா எனக்கு!